எங்கள் ஜார்ஜ் டவுன்: தெருப்பெயர்கள் சொல்லும் கதை



போன மாதம் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் நின்ற படத்தைப் போட்டிருந்தேன். வந்த பதில்களில் பாதி ஒரே கேள்விதான். "டீச்சர், இன்னும் ஏன் அங்கேயே இருக்கீங்க? வித்துட்டு எங்க பக்கம் வந்துடுங்க." உறவுகளும் போனில் அதையே சொன்னார்கள். அக்கறையில் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. பாடம் நடத்திப் பழகிய வாய். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

முதலில் ஊரின் பெயர். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அதில் கோட்டை எழுந்தது. கோட்டைக்குள் ஐரோப்பியர் இருந்த பகுதிக்கு வெள்ளையர் பட்டணம் என்று பெயர். கோட்டைக்கு வடக்கே நெசவாளர்களும், சாயக்காரர்களும், துபாஷிகளும், வியாபாரிகளும் குடியேறிய பகுதிக்குக் கறுப்பர் பட்டணம் என்று பெயர். இளவரசராக இருந்த ஜார்ஜ் 1906இல் சென்னைக்கு வந்து போனதை ஒட்டித்தான் அது ஜார்ஜ் டவுன் ஆனது. 250 வருடத்துக்கு மேல் தோலின் நிறத்தையே ஊர்ப்பெயராகச் சுமந்த இடம் இது.

அந்த முதல் கறுப்பர் பட்டணம் இன்று நாங்கள் குடியிருக்கும் தெருக்கள் அல்ல. அது இருந்த இடத்தில் இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். 1758 கடைசியில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி மறுபடி முற்றுகை போட்டார். கோட்டைக்குப் பக்கத்திலேயே வீடுகள் இருந்தால் எதிரி அவற்றின் மறைவில் நின்று சுடுவான் என்பது ஆங்கிலேயரின் பயம். அந்தப் பயத்தில் பட்டணம் தரைமட்டமானது. வெட்டவெளியாக்கிய நிலத்தில் இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வீடு இழந்தவர்கள் எங்கே போனார்கள்? அடுத்தே இருந்த முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். கோயிலும் கூடவே போனது. பழைய பட்டணத்துக் கோயில் இடிபட்டதற்கு ஈடாகப் பூக்கடைப் பக்கம் இடம் கிடைத்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் அங்கே கோயில் எழும்பியது. ஆக, எங்கள் ஊர் உருவானதே ஒரு வெளியேற்றத்தில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே ஒரு நீர்ப்பள்ளம் ஓடியது. ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் 1780களில் அதைத் தூர்த்துச் சாலை போட்டார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. மழை வந்தால் பிராட்வேயில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறீர்களே, தண்ணீர் அதன் பழைய வழியை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மேற்கே வால்டாக்ஸ் சாலை. முற்றுகைக்குப் பிறகு ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவுக்கு ஊர்க்காரர்கள் தலையில் ஒரு வரி போட நினைத்தார்கள். கடைசிவரை அந்த வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் சாலையில் ஒட்டிக்கொண்டது. மதிலின் மிச்சத் துண்டை ராயபுரம் பக்கத்து மாடிப்பூங்காவில் பார்க்கலாம்.

ஏழுகிணறு தெரு எல்லோருக்கும் தெரியும். கோட்டைக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் திட்டம் 1772இல் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த வட்டாரத்தில் வீராசாமிப் பிள்ளைத் தெருவில்தான் வள்ளலார் இளமையில் வாழ்ந்தார். அங்கிருந்து நடந்து போய்த்தான் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார்.

என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பெயர் அரண்மனைக்காரன் தெரு. "டீச்சர், இங்க எந்த ராஜா இருந்தாரு?" என்று வருடா வருடம் ஒரு பிள்ளை கேட்கும். ராஜா யாரும் இல்லை. ஆர்மீனியர்கள் இருந்தார்கள். 'ஆர்மீனியன்' நம் ஜனங்கள் வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது! அங்கே அவர்கள் 1772இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது, கும்பிட ஆர்மீனியர்தான் இல்லை. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறையும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் பவள வியாபாரம் செய்த யூதர்கள் இருந்தார்கள். பிறகு நகரத்தார் வந்தார்கள். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் உருவானதும் அந்தத் தெருவின் 7ஆம் எண் வீட்டில்தான். பந்தர் தெருவில் கோவூர் சுந்தர முதலியார் வீட்டில் தியாகராஜ சுவாமிகள் தங்கியிருக்கிறார். கம்பெனியின் நாணயசாலை வந்ததால் தங்கசாலைக்கு அந்தப் பெயர். இப்போது சௌகார்பேட்டை என்றால் ஜிலேபியும் சாட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் வருகிறது. அதை விற்கும் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

1982இல் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தேன். ஒரே வாசல், நடுவில் முற்றம், ஏழு குடித்தனம், ஒரு அடிபம்பு, இரண்டு கக்கூஸ். விடிகாலை நாலு மணிக்குக் குடம் வரிசையில் நிற்க வேண்டும். கொத்தவால் சாவடிக்குப் போகும் கைவண்டிச் சத்தம்தான் அலாரம். சாவடியில் ஏலம் முடிந்து சிந்திய காய்களைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்றே பிள்ளைகளை வளர்த்த பெண்களை எனக்குத் தெரியும். சண்டையும் உண்டு. தண்ணீர்ச் சண்டை, மாடியில் துணி காயப்போடும் சண்டை. ஆனால் என் பெரியவன் பிறந்த ராத்திரி, ஆட்டோ வராத இந்தச் சந்திலிருந்து என்னை மீன்பாடி வண்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்துக்கொண்டு போனவர் அதே சண்டைக்காரர் வீட்டு ஐயாதான்.

அடுத்த வருடம் மாநகராட்சிப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை எல்லாம் உட்கார்ந்திருக்கும். வீடே இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலை நடைபாதையில் பிறந்து, அங்கேயே தெருவிளக்கில் வீட்டுப்பாடம் எழுதியவர்கள். அவர்கள் நோட்டில் எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

ஊர் காலியானது ஒரே நாளில் இல்லை. 1937இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரம் போனது. 1996இல் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குப் போனது. அண்ணா நகர், அடையாறு என்று வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். பாகம் பிரிந்த வீடுகளில் ஒரு குடும்பம் தரும் வாடகையைவிடக் கிடங்குக்காரர் தரும் வாடகை அதிகம். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்தும் ரசாயனமும் என்று கடைகள் மேல்மாடி வரை ஏறின. பகலில் கால் வைக்க இடமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணிவிடலாம். பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கையும் அப்படியே தேய்ந்தது.

நடைபாதைக் குடும்பங்கள் தாமாகப் போகவில்லை. கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று அனுப்பப்பட்டார்கள். சுவரும் கதவும் உள்ள வீடு கிடைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வேலை இங்கே, வீடு இருபது கிலோமீட்டருக்கும் அப்பால். பூக்கடையில் பூ கட்டும் ஒரு தாயின் மகள் என் கடைசி வருட வகுப்பில் படித்தாள். பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து இரண்டு மாதம் வந்தாள். ஒருநாள் கூடத் தாமதமில்லை. பிறகு வரவில்லை. பரீட்சைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டு 'ஆப்சென்ட்' போட்ட பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது.

முன்பு ஒரு வெளியேற்றம் சொன்னேனே, அதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அன்று பீரங்கிக்குப் பயந்து ஊரை இடித்த கம்பெனிக்காரன் காலத்தில்கூட, ஜனங்கள் நடந்து போகிற தூரத்தில்தான் குடியேறினார்கள். பிழைப்பு கைவிட்டுப் போகவில்லை. கோயிலுக்கு இடம் கிடைத்தது. நம் காலத்தில் மனிதர்களை மட்டும் தூக்கி வைத்துவிட்டோம். பிழைப்பும் பள்ளிக்கூடமும் இங்கேயே நின்றுவிட்டன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முழங்கால் படியேற மறுக்கிறது. ஆம்புலன்ஸ் தெருமுனையோடு சரி. தலைக்கு மேல் ஒயர் தோரணம், கால் கீழே பெருச்சாளி. ஆனாலும் வீட்டை விற்கப் போவதில்லை. கீழ்ப்பகுதியைக் கிடங்குக்குக் கொடுத்தால் மூன்று மடங்கு வாடகை என்று தரகர் ஆசை காட்டுகிறார். கொழுந்தனார் பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள், படிக்கட்டும். கீழ்ப்பகுதியில் இப்போது ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் குடும்பம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள். நான் வேலை பார்த்த அதே பள்ளிக்கு நடந்தே போகிறார்கள். அவர்கள் இருக்கும்வரை அது வீடு. அட்டைப்பெட்டி ஏறிவிட்டால் திரும்ப வீடாகாது. நான் நாலு தெருவில் பார்த்துவிட்டேன்.

ஒரு வீட்டால் ஊர் பிழைத்துவிடாது என்பது எனக்கும் தெரியும். என் கையில் இருப்பது ஒரு வீடுதான்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, நீங்கள் வளர்ந்த தெருவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கீழே கமெண்டில் எழுதுங்கள். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். காலை ஆறரைக்கு உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எல்லைத்தூணில் ஆரம்பித்து அரண்மனைக்காரன் தெரு, பவளக்காரத் தெரு, தங்கசாலை, ஏழுகிணறு வரை நடப்போம். முழங்கால் வலித்தால் நடுவில் உட்கார்ந்து கதை சொல்கிறேன். முடிந்ததும் நம் வீட்டில் இட்லி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்