கழற்றிப் பூட்டியவர் எழுதிய நூல்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களோடு நின்றுவிடுவர். ஒன்று கண்டுபிடித்தவரின் மேசை. மற்றொன்று உருவாக்கிய தொழிற்சாலை. தொழிற்சாலையின் வாயிலைக் கடந்த பின் அந்த இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தது, அதை யார் காத்தனர், எந்த அறிவைக் கொண்டு காத்தனர் என்பன ஏடுகளில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஒரு மகிழுந்து தொழிற்சாலையில் இருப்பது சில நாள்களே. மனிதரிடம் இருப்பதோ பல்லாண்டுகள். சில வண்டிகள் தம்மை ஈன்ற தொழிற்சாலையையும் விஞ்சி வாழ்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் ஒரு புதிய பழக்கம் வேரூன்றியது. ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் சிறிய விரைவு வண்டிகள் பழையனவாகித் துருவேறிய நிலையில், அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்து, பழுது நீக்கி, முன்னிலும் மேலானவையாக்கிச் சாலையில் ஓட்டினர் எளிய மக்கள். இவர்களுள் பெரும்பாலோர் தொழில் கற்றவர் அல்லர். எழுத்தர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள். தொழிலாளியின் கையில் மட்டும் இருந்த அறிவு இவர்கள் கைக்கு எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடினால், ஒரு சிறிய வண்டியிடமும் ஒரு நூலிடமும் போய்ச் சேருகிறோம்.

ஆஸ்டின் செவன் தந்த பாடம்

ஹெர்பர்ட் ஆஸ்டினின் நிறுவனம் 1922-ஆம் ஆண்டில் ஆஸ்டின் செவன் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. 1939 வரையில் ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் உருவாயின. இதன் அமைப்பு மிக எளிது. அடியில் ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் எஞ்சினும் அச்சுகளும். இவற்றின்மேல் தனியாகப் பொருத்திய உடற்கூடு. கூடு உளுத்துப்போயினும் சட்டம் நிலைத்திருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புதிய வண்டிகளுள் பெரும்பங்கு ஏற்றுமதிக்குச் சென்றது. உள்நாட்டு இளைஞருக்குக் கிடைத்தவை பழைய ஆஸ்டின் செவன்களே. அவர்கள் உளுத்த கூட்டை அகற்றினர். எடை குறைந்த கூட்டைத் தாமே அமைத்தனர். எஞ்சினின் திறனைக் கூட்டினர். இவ்வாறு பிறந்த வண்டிகளுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். 1939-இல் தொடங்கப்பெற்ற 750 மோட்டார் கிளப் இவர்களை ஒன்றுகூட்டியது.

இம்முயற்சியை இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. காலின் சாப்மன் 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைக் கொண்டு உருவாக்கிய வண்டியே லோட்டஸ் வண்டிகளுள் முதலாவதாயிற்று. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் புரூஸ் மெக்லாரன் என்னும் சிறுவன், உதிரியாக வாங்கிய ஓர் ஆஸ்டின் செவனைத் தந்தையோடு சேர்ந்து சீராக்கி, அதிலேயே தன் முதற்போட்டியில் கலந்துகொண்டான். பிற்காலத்தில் அவன் பெயரில் ஒரு பந்தயக் குழுவே எழுந்தது. கொட்டகையில் கற்ற கல்வி எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு இவை இரண்டும் சான்றுகள்.

பள்ளி மாணவனின் சிறு நூல்

இதே காலத்தில் இங்கிலாந்தின் கெண்ட் வட்டாரத்து விடுதிப் பள்ளி ஒன்றில் ஜான் ஹெய்ன்ஸ் என்னும் மாணவர் பயின்றுவந்தார். இவர் பிறந்தது 1938-இல், இலங்கையில். தந்தை ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேலாளர். நம்மவர் குருதியையும் வியர்வையையும் சிந்தி உருவாக்கிய தோட்டங்களின் நாட்டில் பிறந்த ஒருவரே இக்கட்டுரையின் நடுநாயகர் என்பது நாம் அறிந்துகொள்ளத்தக்க செய்தி.

ரக்பி ஆட்டத்தில் நாட்டமில்லாத ஹெய்ன்ஸ், அந்த நேரத்தில் ஓர் ஆஸ்டின் செவனை ஸ்பெஷலாக மாற்றப் பள்ளியில் இசைவு பெற்றார். வண்டியை உருவாக்கி முடித்து விற்பனைக்கு விளம்பரம் செய்தபோது, எதிர்பாராத அளவில் மறுமொழிகள் வந்து குவிந்தன. வண்டி ஒன்றுதான், ஆனால் அவ்வாறு ஒன்றை உருவாக்க விரும்புவோர் பலர் என்பதை அவர் உணர்ந்தார். தாம் செய்த முறையைப் படங்களோடு எழுதி 1956-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அச்சிட்ட 250 படிகளும் பத்து நாள்களில் விற்றுத் தீர்ந்தன.

தவளைக் கண் வண்டி

1958-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் வண்டி அறிமுகமானது. டொனால்ட் ஹீலி வடிவமைத்த இவ்வண்டி ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவாயிற்று. ஸ்போர்ட்ஸ் காரை எளியோரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவருவதே இதன் நோக்கம். ஆகவே எஞ்சினும் முன்பக்கத் தாங்கமைப்பும் ஆஸ்டின் ஏ35 வண்டியிலிருந்தும், திசைதிருப்பும் பொறி மாரிஸ் மைனரிலிருந்தும் பெறப்பட்டன. வெளிப்புறத்தில் கதவுக்கைப்பிடி இல்லை. பின்புறப் பெட்டிக்கு மூடியும் இல்லை. மடங்கி மறையும் முன்விளக்குகளை அமைக்கவே முதலில் எண்ணினர். செலவு கருதி அவற்றை மூடியின்மேல் நிலையாகப் பதித்துவிட்டனர். அவ்விளக்குகள் தவளையின் கண்களைப் போலப் பிதுங்கி நின்றமையால் 'தவளைக் கண்' என்னும் செல்லப்பெயர் நிலைத்தது.

948 கன சென்டிமீட்டர் எஞ்சின். 43 குதிரைத் திறன். மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகம். இன்றைய கணக்கில் இவை சிறியனவே. ஆயின் முன்மூடியும் சக்கர மறைப்புகளும் ஒரே பாளமாக மேலே திறந்துகொள்ளும்; திறந்தால் எஞ்சின் முழுவதும் கைக்கெட்டும் தொலைவில் காட்சி தரும். வீட்டில் வேலை செய்வோருக்கு இதைவிட நல்ல வகுப்பறை வேறில்லை. இவ்வடிவில் 48,987 வண்டிகள் உருவாயின.

ஏடனில் பிறந்த முறை

வான்படையில் சேர்ந்த ஹெய்ன்ஸ் 1965-இல் ஏடனில் பணிபுரிந்தார். அங்கே உடன்பணியாளர் ஒருவர் பழைய தவளைக் கண் வண்டியை வாங்கி, அதைச் சீர்செய்ய அவருடைய உதவியை நாடினார். தொழிற்சாலை வெளியிட்ட கையேடு அவர்களுக்குப் பயன்படவில்லை. அது பயிற்சி பெற்ற பட்டறையாளருக்காக எழுதப்பட்டது. சிறப்புக் கருவிகளும் முன்னனுபவமும் படிப்பவரிடம் உண்டு என்று எடுத்துக்கொண்டு பேசியது. தெரிந்தவருக்கு நினைவூட்டியதேயன்றித் தெரியாதவருக்குக் கற்பிக்கவில்லை.

ஹெய்ன்ஸ் ஒரு புகைப்படக் கருவியை வாங்கினார். எஞ்சினைப் பிரித்து மீண்டும் பூட்டும் ஒவ்வொரு நிலையையும் படம் பிடித்தார். படத்தின் அருகில், அப்படத்தில் கை என்ன செய்கிறது என்பதை எழுதினார். 1966-இல் ஸ்பிரைட் வண்டிக்கான கையேடு வெளிவந்தது. முதற்பதிப்பின் 3,000 படிகளும் மூன்று மாதத்துக்குள் விற்றன. அதன்பின் பல நூறு வண்டிகளுக்கு இம்முறையிலேயே கையேடுகள் எழுந்தன. உலகெங்கும் 20 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

இவ்வெற்றி எழுத்து நடையின் வெற்றியே ஆகும். எழுதுபவர் முதலில் தம் கையால் கழற்றிப் பூட்டியிருக்க வேண்டும் என்பது இதன் முதல் விதி. ஒரு படிக்கு ஒரு செயல் என்பது இரண்டாம் விதி. எச்சரிக்கை, ஆபத்தான செயலுக்கு முன்னே நிற்க வேண்டும் என்பது மூன்றாம் விதி. 'எரிபொருள் குழாயைக் கழற்றுக' என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் 'அதற்குமுன் மின்கலத்தின் இணைப்பை நீக்கியிருக்க வேண்டும்' என்று எழுதும் ஆசிரியர் தம் வாசகரைத் தீயிடம் ஒப்படைக்கிறார்.

துருவோடு நடத்திய போர்

நூல் துணை இருந்தும் வேலை எளிதன்று. ஸ்பிரைட் வண்டியில் ஆஸ்டின் செவனைப் போலத் தனிச்சட்டம் இல்லை; உடற்கூடே சட்டமாகவும் நின்று எடையைத் தாங்குகிறது. ஆகவே துரு பிடிப்பது அழகை மட்டும் கெடுப்பதன்று, முதுகெலும்பையே அரிப்பது. கதவின் அடியில் நீளவாட்டில் ஓடும் உட்குழிந்த பெட்டிப் பகுதிகளில் நீர் தங்கும். இருக்கைகளின் பின்னே, பின்சக்கரங்களைத் தாங்கும் வில்தகடுகள் கூட்டோடு இணையும் இடத்தில் சேறு சேரும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே இரும்பு பொடியாகியிருக்கும்.

பிரிட்டனில் 1960-இல் பழைய வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை வந்தது. முதலில் பத்தாண்டு கடந்த வண்டிகளுக்கு இருந்த இவ்விதி, 1967-இல் மூன்றாண்டு கடந்தவற்றுக்கும் விரிந்தது. துருவை வண்ணத்தால் மறைத்த காலம் அத்தோடு முடியலாயிற்று. பற்றவைக்கக் கற்றவரே வண்டியைக் காக்க முடிந்தது.

துருவேறிய அடிப்பெட்டியை வெட்டி நீக்குமுன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு நிலையின் குறுக்கே இரும்புக் கம்பியைப் பற்றவைத்து இறுக்க வேண்டும். இல்லையேல், வெட்டிய கணத்தில் கூடு நடுவில் தொய்ந்துவிடும். புதிய தகட்டை எவ்வளவு அழகாகப் பற்றவைத்தாலும் பிறகு கதவு மூடாது. பழைய பிரேக்குகளின் உராய்வுப் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தமையால், அதன் தூசியை ஊதித் துடைப்பது நுரையீரலுக்குக் கேடு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பது உயிருக்கே கேடு. கையேடுகள் இவற்றை அஞ்சாமல் எடுத்துரைத்தன.

பழமை காத்தலும் புதுமை சேர்த்தலும்

சீராக்கியதோடு எவரும் நிற்பதில்லை, மேம்படுத்தவும் விழைவர். முதல் ஸ்பிரைட்டில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. 1962-இல் இவ்வரிசையின் பிற்கால வண்டிகளுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்குகள் வந்தன. ஆகவே அவற்றைப் பழைய வண்டியில் பொருத்தினர். 948 எஞ்சினை எடுத்துவிட்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 எஞ்சினை வைத்தனர். பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஈயத்தின் காப்பை இழந்த வால்வு இருக்கைகளுக்குக் கடினமான வளையங்களைப் பதித்தனர்.

ஆனால் ஒன்றை மாற்றினால் மற்றொன்று கைநீட்டும். எஞ்சினின் திறன் கூடினால் பிரேக் போதாது. பிரேக்கை மாற்றினால் பின்னச்சுத் தண்டுகளின் வலிமை ஐயத்துக்குரியதாகும். பழைய டைனமோவுக்கு மாற்றாக ஆல்டர்னேட்டரை வைப்பது நல்லதே. ஆயின் தவளைக் கண் வண்டியின் சுழற்சிமானியை இயக்குவது அந்த டைனமோவின் பின்முனையே. டைனமோ போனால் மானியின் முள் அசையாது. மேலும், அவ்வண்டியின் மின்னமைப்பில் கூட்டோடு இணைவது நேர்முனை. புதிய மின்கருவிகளோ எதிர்முனை இணைவதையே எதிர்பார்க்கின்றன. முழுமையை அறியாதவன் பகுதியைத் திருத்தலாகாது என்னும் உண்மையை இவ்வண்டி தன் உறுப்புகளாலேயே கற்பித்தது.

எவ்வளவு மாற்றினால் பழைய வண்டி பழைய வண்டியாகவே இருக்கும்? இவ்வினாவுக்குப் பிரிட்டனின் வண்டிப் பதிவு அலுவலகம் பல ஆண்டுகள் ஒரு புள்ளி முறையால் விடையளித்தது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளிகள் வேண்டும். சட்டத்துக்கோ கூட்டுக்கோ ஐந்து, தாங்கமைப்பு, அச்சுகள், கியர்ப் பகுதி, திசைதிருப்பும் பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு, எஞ்சினுக்கோ ஒன்றே. ஓசையும் வேகமும் தரும் எஞ்சினைவிட, ஓசையின்றி எடையைச் சுமக்கும் கூட்டிலேயே வண்டியின் அடையாளத்தைச் சட்டம் கண்டது. 2018 மே மாதம் முதல், நாற்பதாண்டு கடந்து பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது. எனவே மாற்றம் எதுவாயினும் அதை நாளும் காரணமும் குறித்து எழுதிவைப்பதும், கழற்றிய பழைய உறுப்பைப் பேணிவைப்பதும் நல்லோர் கைக்கொண்ட முறையாயின.

நமக்கு உரிய பாடம்

ஆபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. ஆயின் அங்கு உருவான வண்டிகள் மறையவில்லை. எம்ஜிபி என்னும் மற்றோர் ஆபிங்டன் வண்டிக்கு, பழைய அச்சுக் கருவிகளையே கொண்டு 1988-இல் புதிய உடற்கூடுகள் உருவாக்கும் அளவுக்கு ஆர்வலர் பெருகியிருந்தனர். ஹெய்ன்ஸ் 2019-இல் மறைந்தார். புதிதாக வெளிவரும் வண்டிகளுக்கு அச்சுக் கையேடு வெளியிடுவதில்லை என்று 2020-இல் அவர் தோற்றுவித்த நிறுவனம் அறிவித்தது. இன்றைய வண்டியின் பழுதைக் கணினியே கண்டறிந்து கூறுகிறது. கொட்டகையில் ஸ்பேனரோடு நிற்பவர் எட்டமுடியாத பகுதிகள் அதில் மிகுந்துவிட்டன.

இவ்வரலாற்றில் தமிழ் பயில்வோருக்கும் பயிற்றுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. செயலை வரிசையாக விளக்குவதற்குத் தமிழ் இயல்பாகவே ஏற்ற மொழி. 'மின்கலத்தின் இணைப்பை நீக்கி, எண்ணெயை வடித்து, குழாயைக் கழற்றி, எஞ்சினைத் தூக்குக' என்னும் தொடரைப் பாருங்கள். கைசெய்யும் வரிசை வேறு, சொல் நிற்கும் வரிசை வேறு என்றில்லை. முதலில் செய்ய வேண்டியது முதலில் நிற்கிறது. முற்றுவினை இறுதியில் நின்று அனைத்தையும் முடித்துவைக்கிறது. வினையெச்சத்தை இலக்கண வகுப்பில் வரையறையாகச் சொல்லிக் கொடுக்கும் நாம், அதைக் கொண்டு ஒரு மிதிவண்டிச் சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் முறையை எழுதுமாறு மாணவரைப் பணிப்பதுண்டா?

மாணவர் முதலில் தம் கையால் செய்யட்டும், பின்னர் எழுதட்டும். எழுதியதைப் படித்து மற்றொரு மாணவர் செய்து பார்க்கட்டும். சக்கரம் சுழன்றால் கட்டுரை தேறியது. சுழலாவிடில் எந்தத் தொடரில் குறை என்று இருவரும் சேர்ந்து தேடட்டும். தொழிலறிவு தமிழில் வளரவில்லை என்று வருந்துவோர் பலர். கலைச்சொற்கள் பெருகுவதால் மட்டும் அது வளர்ந்துவிடாது. கழற்றிப் பூட்டிய கை, எழுதுகோலையும் பிடிக்கும் நாளில் அது வளரும்.