ஐம்பதிலும் வளையும்: கிறிஸ்துமஸ் சொல்லும் கதை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது தமிழ் வழக்கு. வளையும் என்று பதில் சொல்லும் கதை ஒன்று ஒவ்வொரு டிசம்பரிலும் புத்தகமாக, நாடகமாக, திரைப்படமாக மக்கள் முன் வருகிறது. சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்னும் குறுநாவல்தான் அது. 1843 டிசம்பர் 19ஆம் தேதி இலண்டனில் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸ் நாளுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன.

கதை எளிமையானது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத முதியவர் ஸ்குரூஜ். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, இறந்துபோன தொழில் கூட்டாளி மார்லியின் ஆவி வந்து அவரை எச்சரிக்கிறது. பிறகு மூன்று ஆவிகள் வந்து, நடந்தது, நடப்பது, நடக்கப் போவது ஆகிய மூன்றையும் காட்டுகின்றன. விடியும்போது அவர் வேறு மனிதராக எழுகிறார்.

இந்தப் பேய்க் கதைக்குப் பின்னால் உண்மைக் கதையும் உண்டு. 1824இல் டிக்கன்ஸின் தந்தை கடனைக் கட்ட முடியாமல் இலண்டன் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் அப்போது சப்பாத்து பாலிஷ் தொழிற்சாலையில் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த வடு அவர் மனத்தை விட்டு நீங்கவே இல்லை.

1834ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவி கேட்டு வரும் ஏழைகளை 'வொர்க்ஹவுஸ்' எனப்பட்ட விடுதிகளுக்கு அனுப்பும் முறை வலுப்பெற்றது. அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். 1843இல், தொழில்களில் சிறுவர்கள் படும் பாடு பற்றிய அரசாங்க ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. அதைப் படித்துக் கொதித்த டிக்கன்ஸ், ஏழைப் பிள்ளைகளுக்காகத் துண்டு நூல் ஒன்று எழுத எண்ணினார். பிறகு மனத்தை மாற்றிக்கொண்டார். கட்டுரையைவிடக் கதையே பல மடங்கு பலமாகத் தாக்கும் என்று அவர் கருதினார். அக்டோபரில் தொடங்கி, ஏறத்தாழ ஆறு வாரங்களில் எழுதி முடித்தார்.

இதில் ஒரு முரணும் இருந்தது. ஸ்குரூஜிடம் குமாஸ்தாவாக வேலை செய்யும் பாப் கிராட்சிட்டுக்குக் கதையில் வாரச் சம்பளம் 15 ஷில்லிங். புத்தகத்தின் விலையோ 5 ஷில்லிங்! யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்கள் வாங்க முடியாத விலை. 1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் நகரில் டிக்கன்ஸ் இக்கதையை மேடையில் வாசித்தபோது, தொழிலாளர்கள் குறைந்த கட்டணத்தில் வந்து கேட்கத் தனி நிகழ்ச்சி வேண்டும் என்று வலியுறுத்தினார். 1870 மார்ச்சில் இலண்டனில் நடந்த அவரது கடைசி வாசிப்பிலும் இக்கதை இடம்பெற்றது. அடுத்த மூன்று மாதங்களுக்குள் அவர் காலமானார்.

இத்தகைய கதைகள் ஏன் அலுப்பதில்லை? இவை நல்லவனை மேலும் நல்லவனாக்குவதில்லை. காலம் கடந்துவிட்டது என்று எல்லாரும் கைவிட்ட ஒருவனுக்கு இன்னும் ஒரு காலைப் பொழுது மிச்சம் இருக்கிறது என்கின்றன. ஆண்டு முடியும் வேளையில், கணக்குப் பார்க்கும் எந்த மனத்துக்கும் அது ஆறுதல் அன்றோ?

ஃபிராங்க் காப்ரா இயக்கி 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' என்ற அமெரிக்கப் படம் இதைத் தலைகீழாக்கியது. பிறருக்காகவே உழைத்த நல்லவன் ஒருவன், பணம் காணாமல் போனதால் உயிரை விட நினைக்கிறான். அவன் பிறவாமல் இருந்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும் என்று வானதூதர் காட்டுகிறார். படம் வெளிவந்தபோது வசூல் ஏமாற்றியது. 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் ஆண்டுதோறும் ஒளிபரப்பின. அதன் பிறகே அது கிறிஸ்துமஸ் படமாக நிலைபெற்றது.

ஆனால், ஒரு பணக்காரரின் மனம் மாறினால் நாட்டின் வறுமை தீர்ந்துவிடுமா? தீரவில்லை என்கிறது வரலாறு. ஏழை விடுதி முறை 1930இல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கதை வந்து 87 ஆண்டுகள்! கதை மனத்தைத் திறக்கும். கதவைத் திறக்கச் சட்டம் வேண்டும்.

எனினும் டிக்கன்ஸ் மனமாற்றத்தைக் கண்ணீரோடு முடித்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் அன்று ஸ்குரூஜ் வான்கோழி அனுப்புகிறார், ஏழைகளுக்கு நன்கொடை தருகிறார், உறவினர் வீட்டுக்குப் போகிறார். பண்டிகையில் அது யாரும் செய்யக்கூடியதே. மறுநாள், டிசம்பர் 26. வேலைக்குத் தாமதமாக வந்து நடுங்கி நிற்கும் குமாஸ்தாவின் சம்பளத்தை அவர் உயர்த்துகிறார். குளிரில் வாடிய அலுவலகத்தில் நெருப்பை நன்றாக மூட்டச் சொல்கிறார். பண்டிகை முடிந்த மறுநாளும் நீடிப்பதே மெய்யான மனமாற்றம் எனலாம்.