ஒட்டு பிடித்த பிறகு

அம்மா மலாக்காவில் ஒரு ரப்பர் தோட்டத்து நர்சரியில் ஒட்டுக் கட்டியவர். தோட்டம் கைமாறி நாங்கள் தஞ்சோங் கிளிங்குக்குக் குடிவந்து இருபது வருடமாகிறது. சென்ற வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. அடைப்பைத் தாண்டி வேறொரு குழாயை இணைக்கும் ‘பைபாஸ்’ பற்றி இரவெல்லாம் படித்தேன். தையலே போடாமல் இணைக்கும் கருவிகளைச் சோதித்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“நாங்க மட்டும் தையல் போட்டா கட்டினோம்? பட்டையைச் சீவி, மொட்டை உள்ள வெச்சு, நாடா சுத்துவோம். ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா பால் வந்துரும்னு அர்த்தமில்லடா.”

நான் படித்த வரலாறு முழுவதும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வந்து முட்டியது.

1894இல் லியோன் நகரில் பிரெஞ்சு அதிபர் சாடி கார்னோ கத்திக்குத்துப்பட்டு இறந்தார். கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை அறுபட்டிருந்தது. அதைச் சரியாகத் தைக்கும் வழி அன்று இல்லை. அதே ஊர் மருத்துவர் அலெக்சிஸ் காரல் பூத்தையல்காரப் பெண் ஒருவரிடம் நுண்தையல் கற்று, 1902இல் தன் முறையை வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு. ஆனால் அதற்கு முன்பே, 1900இல், எர்வின் பயர் மக்னீசிய வளையத்தால் தையலைத் தவிர்க்கப் பார்த்தார். குழாயின் முனையை வளையத்துக்குள் நுழைத்து, வெளிப்பக்கம் மடித்து, மற்றக் குழாயை அதன்மேல் மாட்டிக் கட்டுவது. தையலை விட்டுவிடும் ஆசை தையலளவுக்கே பழையது.

மூளையில் அந்த ஆசைக்கு வலுவான காரணம் உண்டு. 1967 அக்டோபர் 30 அன்று சூரிச்சில் காஸி யாசர்கில் நுண்ணோக்கியில் பார்த்தபடி, தலைத்தோலுக்குப் போகும் தமனியை மூளைத் தமனியோடு தைத்தார். தைத்து முடியும்வரை மூளைத் தமனியைக் கவ்வி அடைத்து வைக்கவேண்டும். அதுவரை அந்த வழியில் ரத்தம் போகாது. தமனி பெரிதாக இருந்தால் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கொர்னெலிஸ் டுல்லெகென் குழு 1990களில் வேறு வழி கண்டது. மூன்று மில்லிமீட்டருக்கும் குறுகிய பிளாட்டின வளையத்தோடு புதுக்குழாயைத் தமனியின் பக்கவாட்டில் பொருத்துவார்கள். பிறகு உள்ளே லேசர் குழலை விட்டு, தமனிச் சுவரை வட்டமாக வெட்டி, வெட்டிய துண்டை உறிஞ்சி எடுப்பார்கள். தமனியில் ஓட்டம் நிற்பதேயில்லை. ஆனால் வளையத்தைத் தைக்கத்தான் வேண்டியிருந்தது. அந்தத் தையலையும் நீக்கிய வடிவத்தை முயல்களில் சோதித்தார்கள். இணைப்பு கசிகிறதா, ஓட்டம் நிலைக்கிறதா, உள்சுவர் மூடி வளர்கிறதா என்று பார்த்தார்கள்.

இவையெல்லாம் ஒட்டு பிடித்ததா என்ற கேள்விகள். பால் வருமா என்பது வேறு. அதற்குப் பதில் 1985இல் வந்தது. 1,377 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பைபாஸ் செய்த பெரிய ஆய்வு அது. தைத்த இணைப்புகளில் 96 சதவீதம் திறந்தே இருந்தன. ஆனாலும் பக்கவாதம் குறையவில்லை. 2011இல் இன்னும் கவனமாக ஆட்களைத் தேர்ந்து செய்த ஆய்வும் அதையே சொன்னது. மோயாமோயா நோய்க்கும் சில பெரிய ரத்தக்குழாய் வீக்கங்களுக்கும் இந்த அறுவை இன்றும் நடக்கிறது. சாதாரண அடைப்புக்கு அது வழக்கமான வைத்தியம் இல்லை.

அப்பாவுக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. கருவி இருக்கிறது, ஏன் செய்யவில்லை என்று. இந்த எண்களைப் படித்தபிறகுதான் அவர் எதை எடைபோட்டார் என்று புரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் அப்பாவின் வலது கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “மூணு வாரத்துல நாடாவ அவுத்து, நகத்தால கீறிப் பார்ப்போம். பச்சையா இருந்தா பிடிச்சிருச்சு. அதுக்காக யாரும் அன்னிக்கே மங்கைக் கட்டமாட்டாங்க. மரம் வெட்டுக்கு வர அஞ்சாறு வருசம் ஆகும்.”

அடுத்தமுறை புதுக்கருவி பற்றிய செய்தி வந்தால் நான் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் தேடுவேன்.