கோயமுத்தூர் கரும்பும் கலோரிக் கணக்கும்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்திங்கறதால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் தொப்பை. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குங்க, பொறுமையாப் படிங்க.

மூணு மாசமா செல்போன்ல கலோரிக் கணக்கு எழுதிட்டு வந்தேன். என் உடம்புக்கு ஒரு நாளைக்கு 2,200 கலோரி செலவாகுதுன்னு அது சொல்லுச்சு. நான் 1,900-க்குள்ள நிறுத்திக்கிட்டேன். தினம் 300 மிச்சம்னா மூணு மாசத்துல மூணு கிலோவாவது இறங்கணும். இறங்குனது முக்கால் கிலோ. 84-ல இருந்து 83.3. என்ன கொடுமைங்க இது!

ஆபீஸ்ல ரெண்டு கட்சி. "சர்க்கரைய நிறுத்துடா மாப்ள, அதுதான் விஷம்"னு ஒருத்தன். "கலோரி கலோரிதான், சர்க்கரைல வந்தா என்ன, சாதத்துல வந்தா என்ன"ன்னு இன்னொருத்தன். எவன் சொல்றது சரின்னு தேடப் போனா, கதை சுத்திச் சுத்தி நம்ம ஊருக்கே வந்து நிக்குது.

பீளமேட்டுல இருந்து ஊரைத் தாண்டி மேற்கால போனா கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கு. வேளாண் பல்கலைக்கழகம் தெரிஞ்ச அளவுக்கு நம்மாளுங்களுக்கு இது தெரியாது. 1912-ல ஆரம்பிச்சது. முதல்ல பொறுப்புல இருந்தவர் பார்பர்ங்கற தாவரவியல் நிபுணர். வட இந்தியக் கரும்புக்கு 'சக்காரம் பார்பெரி'ன்னு அறிவியல் பேர் வச்சது இவர் நினைவாத்தான்.

அந்தக் காலத்துல வட இந்தியாவுல விளைஞ்சது ஒல்லிக் கரும்பு. வெள்ளைச் சர்க்கரை ஜாவாவுல இருந்து கப்பல்ல வந்து இறங்கிட்டிருந்துச்சு. கரும்பை ஒட்டுக் கட்டணும்னா அது பூக்கணும். எல்லா ஊர்லயும் கரும்பு ஒழுங்காப் பூக்காது, கோயமுத்தூர்ல பூக்கும். அதனாலதான் பஞ்சாப் வயலுக்கான கரும்பையும் இங்க வச்சு உருவாக்குனாங்க. பார்பரும், கூட வேலை பார்த்த டி.எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை'ங்கற பருமனான கரும்பை, நாணல் மாதிரி தானா முளைச்சுக் கிடக்கற காட்டுக் கரும்போட சேர்த்தாங்க. இனிப்பு ஒரு பக்கத்துல இருந்து, தாக்குப் பிடிக்கற வலு இன்னொரு பக்கத்துல இருந்து. அப்படிப் பிறந்த 'கோ 205' 1918-ல பஞ்சாப் விவசாயிங்க கைக்குப் போச்சு. அந்தக் 'கோ'வுக்கு அர்த்தம் வேற ஒண்ணுமில்லீங்க, கோயமுத்தூர்!

அதுக்கப்புறம் வரிசையா 'கோ' ரகங்கள். 1932-ல இறக்குமதிச் சர்க்கரைக்கு எதிராப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், முப்பதை ஒட்டி இருந்த ஆலைங்க சில வருஷத்துலயே நூறைத் தாண்டிடுச்சு. நம்ம ஊர்ல ஒட்டுக் கட்டுன விதை தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்க தேர்ந்தெடுத்து வளர்த்து, 'என்.கோ. 310'ன்னு தைவான் வரைக்கும் பரவுச்சு. ஒரு காலத்துல பெரிய வீட்டு விசேஷத்துல மட்டும் பார்த்த வெள்ளைச் சர்க்கரை, டீக்கடை டப்பாவுக்கு வந்ததுல நம்ம ஊர்க் கரும்புக்குப் பெரிய பங்கு உண்டு. எங்க அம்மிச்சி கடைசி வரைக்கும் அதை 'அஸ்கா'ன்னுதான் சொல்லும். ஒடிசாவுல இருக்கற அஸ்காங்கற ஊர் ஆலைச் சர்க்கரையால வந்த பேர் அது. பேர்லயே தெரியுது பாருங்க, அது வெளியூர்ச் சரக்கா இருந்த காலம்.

இப்ப கதையோட மறுபாதி. அதே 1918-ல அமெரிக்காவுல லுலு ஹன்ட் பீட்டர்ஸ்ங்கற டாக்டரம்மா உடம்பைக் குறைக்க ஒரு புஸ்தகம் எழுதுனாங்க. 'ஒரு துண்டு ரொட்டி'ன்னு சொல்லாதீங்க, '100 கலோரி ரொட்டி'ன்னு சொல்லுங்கன்னாங்க. லட்சக்கணக்குல வித்துச்சு. செல்போன்ல நாம இன்னைக்குப் பண்றதுக்கெல்லாம் அந்தம்மாதான் பாட்டி.

அவங்களுக்கு எண்ணு கொடுத்தவர் அட்வாட்டர். 1890-கள்ல ஒரு மூடுன அறைக்குள்ள ஆளை நாள்கணக்குல உக்கார வச்சு, சாப்பிடறது, விடற மூச்சு, வெளியேத்தற சூடு எல்லாத்தையும் அளந்தவர். மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9ங்கறது அவர் வேலையில இருந்து வந்த கணக்கு. இதுல சர்க்கரைக்குத் தனி இடம் கிடையாது. அதுவும் மாவுச்சத்து, அதுவும் 4. ஆக, கோயமுத்தூர் சர்க்கரையைச் சல்லிசாக்கிட்டிருந்த அதே வருஷத்துல, அதுவும் சோறும் ஒண்ணுன்னு சொல்ற கணக்கும் வீடு வீடாப் போக ஆரம்பிச்சுது.

சர்க்கரை வியாபாரிங்களுக்கு இது ரொம்ப வசதியாப் போச்சு. அமெரிக்காவுல பிற்பாடு 'ஒரு ஸ்பூன்ல வெறும் 18 கலோரி'ன்னே விளம்பரம் போட்டாங்க. பொய்யில்லீங்க, கணக்குப்படி உண்மைதான். அந்தப் பக்கம் இங்கிலாந்துல ஜான் யுட்கின்ங்கற பேராசிரியர் 1972-ல சர்க்கரைதான் எமன்னு புஸ்தகமே எழுதுனாரு. மனுசனைக் கிண்டல் பண்ணி ஓரங்கட்டிட்டாங்க. மாரடைப்புக்குக் கொழுப்புதான் காரணம்னு 1967-ல ஹார்வர்ட் ஆளுங்க எழுதுன கட்டுரைக்குப் பின்னால சர்க்கரைக் கம்பெனிங்களோட பணம் இருந்துச்சுன்னு 2016-லதான் வெளிய வந்துச்சு. அதைப் படிச்சதும் நானும் 'விஷம்' கட்சிக்குத் தாவிட்டேன்.

ஆனா, பணம் கொடுத்தவன் கெட்டவன்ங்கறதால கணக்கு தப்பாயிடாதே? இன்ஜினியர் புத்தி, சோதனை பண்ணிப் பார்த்தாங்களான்னு தேடுனேன்.

பண்ணியிருக்காங்க. 1997-ல அமெரிக்காவுல டியூக் பல்கலைக்கழகத்துல குண்டான பெண்களை ரெண்டு அணியாப் பிரிச்சாங்க. ரெண்டுக்கும் தினம் 1,100 கலோரி அளவு சாப்பாடு, ஆறு வாரம். ஒரு அணிக்கு அதுல 43 சதவீதம் சர்க்கரை, இன்னொண்ணுக்கு 4 சதவீதம். ரெண்டு அணியும் ஏறக்குறைய ஒரே அளவு இளைச்சுது! முதல் ரவுண்டு 'கலோரி கலோரிதான்' கட்சிக்கு.

2013-ல நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்காக நிறைய சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. கலோரி மாறாம சர்க்கரைக்குப் பதிலா வேற மாவுச்சத்து கொடுத்தா எடை மாறலை. ஆனா, இஷ்டத்துக்குச் சாப்பிடற சனங்க சர்க்கரையை மட்டும் குறைச்சப்ப சராசரியா முக்கால் கிலோவுக்கு மேல இறங்குச்சு. ஏன்? சர்க்கரையோட போன கலோரியை அவங்க வேற எதிலயும் திருப்பிச் சாப்பிடலை.

இதுல இன்னொரு சோதனை, 2000-ல வந்தது. பதினஞ்சு பேருக்கு தினம் 450 கலோரி சர்க்கரை. நாலு வாரம் மிட்டாயா, நாலு வாரம் குளிர்பானமா. மிட்டாய் தின்னப்ப மத்த சாப்பாட்டைத் தன்னால குறைச்சுக்கிட்டாங்க. குடிச்சப்ப குறைக்கலை. குடிக்கற சர்க்கரையை வயிறு கணக்குல சேர்த்துக்கறதில்லை.

இங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. வயிறு மட்டுமா சேர்க்கலை? நானும் சேர்க்கலையே!

என் கணக்கைத் திறந்து பார்த்தேன். இட்லிக்குக் கணக்கு இருக்கு. தேங்காச் சட்னிக்கு இருக்கு. பேக்கரியில தின்ன பப்ஸுக்குக் கூட மனசாட்சியோட எழுதியிருக்கேன். டீ மட்டும் 'பால் டீ, சர்க்கரை இல்லாமல்'. முதல் நாள் தெரியாம அமுக்குனது, தினமும் அப்படியே போயிட்டிருந்திருக்கு. நம்ம பேக்கரி டீயில கூம்பா ரெண்டு ஸ்பூன். வீட்டுத் தராசுல வச்சா 12 கிராம். நாளைக்கு அஞ்சு டீ, 60 கிராம், 240 கலோரி. 300-ல 240 போனா மிச்சம் 60. மூணு மாசத்துக்குப் பெருக்குங்க, முக்கால் கிலோவுக்குப் பக்கத்துல வந்து நிக்கும். பக் எங்கன்னு தெரிஞ்சு போச்சு.

ஆக, எடையை மட்டும் பார்த்தா ரெண்டு கட்சியும் பாதி சரி. எழுதுன சர்க்கரை மத்த கலோரி மாதிரிதான். எழுதாத சர்க்கரைதான் வில்லன். சல்லிசாக் கிடைக்கற பொருளு கண்ணுக்குத் தெரியாமப் போயிடுது, அதனாலதான் எழுத மறந்து போறோம்.

அம்மாகிட்ட இதைச் சொன்னதும், "அப்ப நாட்டுச்சக்கரை போட்டுக்கோ கண்ணு, கவுந்தப்பாடிச் சரக்கு"ன்னாங்க. நூறு கிராம் நாட்டுச்சக்கரையிலயும் கிட்டத்தட்ட 380 கலோரிங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்கே போற சரக்குதான், ருசிக்கு ஈடில்லை, ஆனா தொப்பைக்கு அது தெரியாது :-). 'சர்க்கரை' இருக்கற எங்கப்பாவும் காதைத் தீட்டிட்டு, "அப்ப கணக்கு எழுதிட்டா நானும் குடிக்கலாமா?"ன்னாரு. இல்லைங்கப்பா, எடை வேற, ரத்தத்துல ஏர்ற சர்க்கரை வேற, உங்களுக்கு டாக்டர் சொல்றதுதான். எனக்கே கூட உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்ன வரம்பு மொத்தக் கலோரியில பத்துல ஒரு பங்கு, முடிஞ்சா அதுலயும் பாதி. 2,000 கலோரிக்கு 50 கிராம், இல்லைன்னா 25. நான் டீயிலயே 60-ல இருந்திருக்கேன்.

இப்ப ரெண்டு டீ, அரை ஸ்பூன். அதையும் எழுதறேன். போன மாசம் ஒண்ணேகால் கிலோ இறங்கியிருக்கு.

டிஸ்கி: பேக்கரி அண்ணன் ஒரு வாரமா "ஏனுங் தம்பி, சக்கரை கம்மியா? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. உங்க டீயில எத்தனை ஸ்பூன், எழுதறீங்களா இல்லையா? பின்னூட்டத்துல உண்மையைச் சொல்லிட்டுப் போங்க மக்களே.