ஒரு காப்பியத்தைத் தாங்கிய கைகள்



சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைக் கேள்விப்படாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. ஆயினும் அந்நூல் நம் கைக்கு வந்து சேர்ந்த வழியை அறிந்தோர் சிலரே. புலவர் பாடிவிட்டதனால் மட்டும் ஒரு நூல் வாழ்ந்துவிடுவதில்லை. அதைக் கேட்க ஆசைப்பட்டவர்களும் வாசித்து மகிழ்ந்தவர்களும் செய்த உதவியே அதை வாழவைத்தது. அவர்கள் எவ்வாறு உதவினார்கள் என்பதை இம்மலரில் எழுத விழைகிறோம்.

உமறுப்புலவர் (1642–1703) எட்டயபுரம் அரண்மனைப் புலவராக விளங்கியவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகக் கேட்க வேண்டும் என்ற வேட்கை, கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்று நாடறிந்த ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயருக்கு எழுந்தது. பொருளுதவிக்கு அவர் இருந்தார். ஆனால் காப்பியத்திற்கு வேண்டிய செய்திகளோ அரபுக் கிதாபுகளில் இருந்தன. புலவர் முதலில் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடினார் என்றும், அப்பா அவர்கள் முதலில் தயங்கிப் பின்னர் இசைந்து, பரங்கிப்பேட்டையில் இருந்த லெப்பை அலி ஹாஜி மௌலானா அவர்களிடம் அனுப்பிவைத்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அங்கேதான் புலவருக்கு உரைநடையில் பொருள் விளக்கம் கிடைத்தது.

இதை இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. எழுத்தாளருக்கு உதவி என்றாலே பணம் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். ஓர் ஆலிம் தம் நேரத்தைச் செலவிட்டுக் கிதாபைத் திறந்து வைத்துப் பொருள் சொல்லியிராவிட்டால், வள்ளலின் பொன் முழுவதும் சேர்ந்தும் ஒரு படலத்தை உண்டாக்கியிராது. கிதாபைத் திறந்து காட்டக் கூசும் எம் போன்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம்.

நூல் முடிவதற்குள் வள்ளல் வஃபாத்தானார். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பழமொழியில் நிலைத்தவர் அவர். எனினும் அரைவழியில் நின்ற காப்பியத்திற்கு வேறொரு கை தேவைப்பட்டது. பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் அப்பொறுப்பை ஏற்றார். அவருடைய ஆதரவில் அரங்கேற்றமும் நிகழ்ந்தது. புலவர் அந்நன்றியை மறவாமல் காப்பியத்தினுள்ளேயே பல இடங்களில் அவரைப் புகழ்ந்து பாடியுள்ளார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்ட நூலாயினும், நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் அது கூறவில்லை. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைக் காயல்பட்டினம் பனீ அகுமது மரக்காயர் 1732-இல் ‘சின்னச் சீறா’ எனப் பாடி நிறைவு செய்தார். விரும்பிப் படித்த நூலைத் தாமே தொடர்ந்து எழுதி முடிப்பதும் ஒருவகை ஆதரவே. அது எல்லோருக்கும் இயலாது.

அச்சேறும்வரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் சீறா ஓலையிலேயே வாழ்ந்தது. ஓலையை ஈரமும் செல்லும் அரிக்கும். ஒரு தலைமுறை படியெடுக்கத் தவறினால் அடுத்த தலைமுறைக்கு நூல் இல்லை. 5027 பாடல்களை எழுத்தாணியால் கீறி எழுதுவது எத்தனை மாத உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்! கூலி கொடுத்து எழுதுவித்தவர்களும், தாமே எழுதி வைத்துக்கொண்டவர்களும், இரவு நேரங்களில் ஊர் கூடியிருக்கப் பாடிப் பொருள் சொன்னவர்களும், உறக்கத்தை விட்டு அமர்ந்து கேட்டவர்களும் சேர்ந்தே அதைக் காத்தனர். அவர்களில் மிகப் பலருடைய பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வாறு எஞ்சிய ஏடுகளைத் திரட்டி 1842-இல் சீறாவை முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தவர் ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் அவர்கள். புலவர் நாயகம் என்று போற்றப்பட்ட அவரே காப்பியங்கள் பல இயற்றியவர். தம் நூல்கள் இருக்க, பிறர் நூலை அச்சேற்ற முன்வந்த அம்மனம் பெரிது.

அச்சு வந்தபின் ஒரு வள்ளல் சுமந்த சுமையைப் பலர் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது. நூல் வெளிவருமுன்பே, ‘எனக்கு இத்தனை பிரதி வேண்டும்’ என்று அன்பர்கள் கையொப்பமிட்டுக் கொடுப்பர். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அவ்வாறு கையொப்பம் திரட்ட அலைந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

எட்டயபுரத்தில் உமறுப்புலவர் அடங்கியிருக்கும் இடத்தில் 1912-இல் நினைவுச் சின்னம் எழுப்பியவர் பிச்சையா கோனார் என்னும் அன்பர். புலவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் கடந்தபின், வேறு சமயத்தவரான ஒருவர் செய்த சிறப்பு அது.

இனி நம் கதை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முதியவர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல் வாயிலில் ஒரு பையுடன் நின்றார். இவ்வட்டாரத்து ஆலிம்களின் வரலாற்றைப் பல்லாண்டு அலைந்து திரட்டி எழுதிய நூல். விலை அறுபது ரூபாய். நாம் அதைப் புரட்டிப் பார்த்து வியந்து, ‘மாஷா அல்லாஹ்’ என்று மனமாரப் பாராட்டினோம். அவர் ஒரு பிரதியில் கையெழுத்திட்டு அன்பளிப்பாக நீட்டினார், வாங்கிக்கொண்டோம். போதாததற்கு, மதரஸா மாணவர்களுக்காக முப்பது பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தும் கொடுத்தோம். மனைவியின் வளையலை அடகு வைத்து அவர் அதை அச்சிட்டிருந்தார் என்பது நமக்கு அப்போது தெரியாது.

அவர் வஃபாத்தான செய்தி கேட்டு அவர் இல்லம் சென்றபோது, கட்டிலுக்கு அடியில் அச்சகத்துச் சணல் கயிறு பிரிக்கப்படாமலே புத்தகக் கட்டுகள் இருந்தன. பத்துப் பிரதிகளுக்குப் பணம் கொடுத்தோம். அவருடைய மகன் வாங்க மறுத்து, “அத்தா உங்களுக்குச் சும்மாதானே கொடுத்தாங்க, ஹஜ்ரத்?” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நாம் பணத்தை மேசைமீது வைத்துவிட்டு வந்தோம்.

அப்பத்துப் பிரதிகளும் பள்ளிவாசல் நூலகத்தில் உள்ளன. மற்றக் கட்டுகள் அவருடைய இல்லத்திலேயே இருக்கின்றன. விலை அதே அறுபது ரூபாய். வாங்க விரும்புவோர் இஷா தொழுகைக்குப் பின் நம்மிடம் கேட்டால் வீட்டைச் சொல்வோம்.