காதிரைச்சலும் கொதிகலத் தொழிலாளரும்

புறத்தே எவ்வித ஒலியும் இல்லாதபோது காதினுள் ஓயாது கேட்கும் இரைச்சல் மனித குலத்தின் மிகப் பழைய உபாதைகளுள் ஒன்றாகும். நினிவே நகரில் அசீரிய மன்னன் அசுர்பானிபாலின் நூலகம் இருந்த இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் ஏடுகளில் இதற்கான வைத்தியக் குறிப்புகள் காணப்படுகின்றன. இறந்தோரின் ஆவி பற்றிக்கொண்டமையால் காது பாடுகிறது என்பது அவற்றின் கருத்து. எனவே மந்திரமும் மருந்தும் அங்கு ஒருங்கே விதிக்கப்பட்டுள்ளன. சுசுருத சங்கிதை 28 செவிநோய்களை வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குக் கர்ணநாதம் என்று பெயரிட்டு, வழிதவறிய வாயுவை அதற்குக் காரணமாக்கியது. ஆவியிலிருந்து வாயுவுக்கு வந்தமை சிந்தனையில் ஒரு முன்னேற்றமே. ஆயினும் நோயாளியின் தொழில் யாது, அவன் பகல் முழுவதும் எங்கு நின்று என்ன ஓசையைக் கேட்கிறான் என்னும் கேள்வி நெடுங்காலம் எழவில்லை.

இவ்வரலாற்றைக் கூறுவோர் வழக்கமாகப் பீத்தோவனைக் கொண்டே தொடங்குவர். 1801 யூனில் தம் நண்பரான வைத்தியர் வேகலருக்கு எழுதிய கடிதத்தில், தம் காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருப்பதாக அவ்விசை மேதை தெரிவித்தார். பாதாம் எண்ணெய், தன்யூப் நதிநீரில் இளஞ்சூட்டுக் குளிப்பு, கைகளில் கொப்புளம் எழுப்பும் மரப்பட்டை எனப் பல வைத்தியங்கள் அவருக்குச் செய்யப்பட்டன. அவரது துயரம் உண்மையானது; அதைக் குறைத்து மதிப்பிடுவது எம் நோக்கமன்று. ஆனால் அவர் கடிதம் எழுதக்கூடியவர். அக்கடிதங்களைப் போற்றிப் பாதுகாக்கவும் ஓர் உலகம் இருந்தது. அதே ஆண்டுகளில் கருமான் பட்டறைகளிலும் நெசவாலைகளிலும் செவியிழந்தோருக்கு அவ்விரண்டும் இல்லை.

இந்நோய்க்கு நிவாரணம் தேடியவர்களுள் பாரிஸ் நகரின் செவிப்புலனற்றோர் நிறுவனத்தில் வைத்தியராயிருந்த இதார் குறிப்பிடத்தக்கவர். 1821 இல் செவிநோய்கள் பற்றி அவர் வெளியிட்ட பெருநூலில், உள்ளிரைச்சலை அதையொத்த புற ஓசையினால் மூடிவிடலாம் என்னும் முறை கூறப்படுகிறது. அடுப்பில் ஈரவிறகு வெடித்து எரியும் ஓசையும், நீராலையின் அருகே குடியிருத்தலும் அவர் கண்ட மருந்துகள். இக்கருத்தின் வித்து பழையது. காதிரைச்சல் உள்ளபோது வேறோர் ஒலி எழுப்பினால் அது ஏன் அடங்குகிறது என்னும் வினா, அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் நூலொன்றில் முன்னரே உள்ளது.

இனி மற்றைய பக்கத்துக்கு வருவோம். 1700 இல் இத்தாலியின் மோதெனா நகரில், பேர்னாடினோ றமட்சினி என்னும் வைத்தியர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெனிஸ் நகரின் ஒரு பகுதியில் ஒருங்கே குடியிருந்து நாள் முழுதும் செம்பு தட்டும் கன்னாரை அந்நூலின் பிந்திய பதிப்பில் அவர் காட்டுகிறார். ஓயாத தட்டோசையால் அவர்களது செவி மந்தமாகிறது. முதுமை வரை வாழ்ந்தாராயின் முற்றாகவே செவிடாகின்றனர். நோயாளியிடம் கேட்க வேண்டியவை என்று பழைய வைத்திய நூல்கள் வகுத்த கேள்விகளோடு, "நீ செய்யும் தொழில் யாது?" என்பதையும் சேர்த்துக்கொள்ளும்படி வைத்தியருக்கு அறிவுறுத்தியவர் இவரே. மருத்துவ வரலாற்றில் இதனிலும் எளிமையான புரட்சி வேறொன்று உண்டோ என்பது ஐயம்.

றமட்சினியின் கன்னார் கையாற் செம்பைத் தட்டினர். நீராவி யுகமோ அந்தச் சம்மட்டியை ஆயிரம் மடங்காக்கியது. ஸ்கொத்லாந்தின் கிளைட் நதிக்கரையில் கப்பல்களுக்கான கொதிகலங்கள் செய்யப்பட்டன. இரும்புத் தகடுகளை இணைக்கும் தறையாணியை வெளியே நிற்பவர் சம்மட்டியால் அடிக்க, மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பதற்கு ஒருவன் கொதிகலத்தின் உள்ளேயே அமர்ந்திருக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் அந்த இரும்பு அறையினுள் எதிரொலித்து அவன் தலைமேலேயே விழும். பெரும்பாலும் இளம் வயதிலேயே இவ்வேலையிற் சேர்ந்தவர்கள் காது மந்தமாவதைத் தொழிலின் இயல்பென்றே ஏற்றுக்கொண்டனர். நோய்க்கும் "கொதிகலத் தொழிலாளர் செவிடு" என்றே பெயர் நிலைத்தது.

1886 இல் கிளாஸ்கோவின் செவிநோய் வைத்தியர் தொமஸ் பார் இதை எண்ணிக்கையால் ஆராய்ந்தார். கொதிகலத் தொழிலாளர் 100 பேரையும், ஒப்புநோக்குவதற்காக இரும்பு வார்ப்போர் 100 பேரையும், கடிதம் விநியோகிப்போர் 100 பேரையும் அவர் பரிசோதித்தார். அவர் கருவி ஒரு கடிகாரம் மாத்திரமே. அதன் தட்டோசை எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று அளந்தார். கொதிகலத் தொழிலாளர் நூற்றுவரில் ஒருவருக்கேனும் செவிப்புலன் இயல்பாக இருக்கவில்லை. பொதுக்கூட்டமொன்றிற் பேசுவது விளங்குமா என்றும் அவர் வினவினார். நால்வரில் மூவருக்கு அது சிரமமாக இருந்தது, அன்றேல் இயலவேயில்லை. கடிதம் விநியோகிப்போரிடையே அத்தகையோர் மிகச் சிலரே.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கத் தோன்றுகிறது. பொதுக்கூட்டம் என்பது தேவாலயப் பிரசங்கம் மட்டுமன்று. தொழிற்சங்கக் கூட்டமும் அதுவே. தன் கூலியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் தீர்மானிக்கும் அவையில், எவன் மிகக் கடுமையாக உழைத்தானோ அவனே ஒன்றும் கேளாதவனாக அமர்ந்திருந்தான். லங்காஷயர் நெசவாலைப் பெண்கள், தறிகளின் பேரொலிக்கிடையே உதட்டசைவாலும் முகபாவத்தாலும் உரையாடும் ஒரு மொழியையே படைத்துக்கொண்டனர். மனிதரின் ஆக்கத்திறனுக்கு அது சான்று என்பதில் ஐயமில்லை. எனினும் அதை வெறும் இரசனைக்குரிய நாட்டார் வழக்காகக் கொள்வோர், அதன் தேவை எங்கிருந்து பிறந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இவ்வுபாதையின் பொறிமுறை பெருமளவுக்கு இன்று தெளிவாகியுள்ளது. உட்செவியின் நத்தைச்சுருளினுள் ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்க்கலங்கள் உண்டு. பேரொலியால் அழிந்த கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. செவியிலிருந்து வரும் செய்தி குறையவே, மூளை அக்குறையை ஈடுசெய்ய முயன்று தன் உணர்திறனைக் கூட்டுகிறது. அம்முயற்சியின் பேறே இரைச்சல் என்பது பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. செவிநரம்பைத் துண்டித்த பின்னரும் சிலருக்கு இரைச்சல் நீங்காதிருந்தமை இதற்கு ஆதாரமாகிறது. 1953 இல் ஹெலர், பேர்க்மன் என்னும் அமெரிக்கர் இருவர் நல்ல செவியுடைய 80 பேரை ஒலிபுகா அறையில் தனித்திருத்தியபோது, 94 வீதமானோர் ஏதோவோர் ஒலியைக் கேட்டதாகக் கூறினர். ஆக, பூரண மௌனம் நிவாரணமன்று. பட்டறைத் தொழிலாளியின் அனுபவமும் இதுவே. பகலில் நோயை விளைவித்த ஓசையே அதை மூடியும் வைத்தது. இரவில் படுக்கையிலும், ஞாயிறு ஓய்விலுமே அது வெளிப்பட்டது. உழைப்பு அவனது ஓய்வையும் தன்னுடையதாக்கிக்கொண்டது.

1970களின் முற்பகுதியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், இவ்வுபாதையால் வருந்திய வைத்தியர் ஒருவர் ஒரு நீரூற்றின் அருகே நின்றபோது தம் இரைச்சல் மறைந்ததை உணர்ந்தார். உடனிருந்த ஆய்வாளர் ஜாக் வேர்னன் அதிலிருந்தே, காதில் அணியக்கூடிய மறைப்பொலிக் கருவியை உருவாக்க முற்பட்டார். இதாரின் நீராலை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தது எனலாம். 1990 இல் யஸ்ட்ரெபோவ் முன்வைத்த கோட்பாடோ, இரைச்சலை அகற்றுவதை விட்டு, மூளை அதைப் பொருட்படுத்தாதிருக்கப் பழக்கும் வழியை நாடியது. செவித்துணைக் கருவியும், மெல்லிய பின்னணி ஒலியும், அச்சத்தையும் உறக்கமின்மையையும் தணிக்கும் உளவியற் பயிற்சியும் இன்று பலருக்கு உண்மையான ஆறுதல் தருகின்றன. இரைச்சலை முற்றாக நீக்கும் மருந்து எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. அவ்வாறு விற்கப்படுபவற்றை நம்ப வேண்டியதில்லை.

போன செவி மீளாதெனின், வருமுன் காத்தலே முதன்மையாகிறது. அதற்குரிய செவியடைப்பான்களைப் பார் தம் அறிக்கையிலேயே ஆராய்ந்திருந்தார். சட்டமோ வேறு கணக்கைக் கொண்டிருந்தது. கை இழந்தவன் வேலை இழப்பான். செவி இழந்தவன் தொடர்ந்து சம்மட்டி அடிப்பான். கூலி குறையாதபோது நட்டஈடு எதற்கு என்றே நெடுங்காலம் கேட்கப்பட்டது. 1948 இல் நியூ யோர்க் மாநில நீதிமன்றம், இரும்படிப்புத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், கூலி குறையாவிடினும் செவியிழப்புக்கு ஈடு உண்டு எனத் தீர்த்து அக்கணக்கை உடைத்தது. பிரித்தானியாவில் தொழில்வழிச் செவிடு அரசாங்க ஈட்டுக்குரிய நோய்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது 1974 இலேயே. அதிலும் இரு காதுகளிலும் குறித்த அளவு செவிப்புலன் குன்றியிருத்தல் வேண்டும். இரைச்சல் மட்டும் உடையவருக்கு இடமில்லை.

1984 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற வழக்கொன்று உண்டு. இங்கிலாந்தின் தைன் நதிக்கரைக் கப்பற்றளத் தொழிலாளர் தம் முதலாளிகள்மீது அதைத் தொடுத்தனர். தொழில் அமைச்சு "இரைச்சலும் தொழிலாளியும்" என்னும் சிறுநூலை வெளியிட்ட ஆண்டு 1963. அதற்கு முன்னர் தொழிற்றுறை முழுவதும் இவ்விடயத்தில் அசட்டையாகவே இருந்ததனால், தனியொரு முதலாளியைக் குற்றவாளியாகக் காணவியலாது என நீதிபதி தீர்த்தார். எனவே ஒவ்வொருவரது செவிச் சேதத்திலும் 1963 க்கு முந்திய பங்கு எவ்வளவு, பிந்திய பங்கு எவ்வளவு என மதிப்பிடப்பட்டு, பிந்திய பங்குக்கே ஈடு வழங்கப்பட்டது. பாரின் அறிக்கைக்கும் அச்சிறுநூலுக்கும் இடையே கழிந்தவை 77 ஆண்டுகள்.