சபூர்

அப்துஸ் ஸபூர் என்று தமிழ் முஸ்லிம்கள் பெயர் வைப்பதுண்டு. ஸபூர் என்றால் பொறுமைசாலி, இறைவனின் பெயர். திர்மிதி நபிமொழித் தொகுப்பில் உள்ள 99 திருநாமப் பட்டியலில் கடைசியாக வருவது. 'அப்து' என்றால் அடிமை. ஆகவே பெயரைச் சுமப்பவர் பொறுமைசாலி என்று இது சொல்லவில்லை. பொறுமைசாலியின் அடிமை என்றுதான் சொல்கிறது.

சபூரா என்ற பெண்பெயரை இதோடு அவசரமாக முடிச்சுப் போட வேண்டாம். மூசா நபியின் மனைவியை இஸ்லாமிய மரபு ஸஃபூரா என்கிறது. தமிழ் விவிலியத்தில் அவர் சிப்போராள், எபிரேயத்தில் பறவை. 'ஃப' தமிழில் 'ப' ஆகிவிட்டால் எந்தச் சபூரா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

ஸபூர் பிறந்த ஸாத், பா, ரா என்ற மூன்றெழுத்து அரபி வேருக்குக் கட்டிவைத்தல், தடுத்து நிறுத்தல் என்பது பழைய பொருள். விலங்கைக் கட்டிப்போட்டுக் கொல்லும் கொடுமையைக் குறிக்கவும் இந்த வேர்தான் பயன்பட்டது. நபிகள் அதைத் தடுத்தார். கற்றாழையின் கசப்புச் சாற்றுக்கும் அரபியில் இதே எழுத்துகளில் பெயர். அதிலிருந்து வந்த முஸப்பர்தான், சுளுக்குக்குப் பற்றுப் போட நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் மூசாம்பரம்.

குர்ஆனில் ஸபுர், அதாவது பொறுமை, பெரும்பாலும் மனிதருக்குச் சொல்லப்படுவது. அய்யூப் நபி அதற்குச் சான்று. இறைப்பெயராக அங்கே வருவது ஹலீம் (சகிப்பவன்), ஸபூர் வருவதில்லை. இறைவனுக்கு என்ன துன்பம், எதைப் பொறுக்க? இமாம் கஸ்ஸாலியின் விளக்கம், உரிய நேரம் வருமுன் அவசரப்பட்டு எதையும் செய்யாதவன் என்பது. புகாரி தொகுப்பில் உள்ள நபிமொழி இன்னும் கூர்மையானது: தன்னைப் பற்றித் தகாததைப் பேசுவோருக்கும் அவன் உடல்நலமும் உணவும் கொடுக்கிறான், காதில் விழும் பழியை அவனைவிடப் பொறுப்பவர் இல்லை. தண்டிக்கும் வல்லமை உள்ளவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறான். வேர்ச்சொல்லின் பொருள் இங்கேதான் முழுதாகப் பொருந்துகிறது.

நம் ஊர்களில் 'சபுர் செய்யுங்க' என்பது யார் காதில் விழுகிறது? மையத்து (இறப்பு) வீட்டில் சொன்னால் அது ஆறுதல். அடிபட்டு வந்த மருமகளிடமும் கடன்பட்டவனிடமும் சொல்வது, பெயரைத் தலைகீழாகப் படிப்பது. கடன் வாங்கியவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை கொடுக்குமாறு குர்ஆன் சொல்வது (2:280) கடன் கொடுத்தவரிடம்தான். பஞ்சாயத்துப் பேச உட்காரும் பெரியவர்களே, அடுத்த முறை அந்தச் சொல்லை கை ஓங்கியவரிடம் முதலில் சொல்லுங்கள்.